கற்பலகையும் கண்ணாடித் திரையும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. தம் பிள்ளை மற்றப் பிள்ளைகளிலும் பார்க்க விரைவாகக் கற்கின்றது என்பதைக் காணும் பெற்றோரின் உள்ளம் பூரிப்பது இயல்பே. மூன்று வயதில் எழுத்துக் கூட்டி வாசிக்கின்றான், நான்கு வயதில் கடையிலே மீதிப் பணத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றாள் என்று உற்றார் உறவினரிடம் பெருமையோடு கூறிக்கொள்கின்றோம். ஆயினும் முளையைக் கண்டு மகிழ்ந்தவர் எல்லாரும் விளைச்சலைக் கண்டு மகிழ்ந்தவர் அல்லர். முளைக்கும் விளைச்சலுக்கும் இடையில் நீர் உண்டு, எரு உண்டு, வெயில் உண்டு, களையும் உண்டு.

நம் காலத்துப் பெற்றோர் பலர் களை என்று சுட்டுவது திரையை. தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி, டேப்லெட் என்னும் கைக்கணினி ஆகிய யாவும் இச்சொல்லுள் அடங்கும். திரை முழுவதும் களைதானா? களை எது, பயிர் எது என்று இனங்காண்பது எங்ஙனம்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்வியியல் அறிஞர் என்ற நிலையில் நான் இதனை எழுதவில்லை. சனிக்கிழமைகளில் இப்பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையிலும், தவறிழைத்துத் திருத்திக்கொண்ட ஒரு தாய் என்ற முறையிலுமே எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

எங்கள் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது பழக்கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டி எதனையும் எங்களால் வீசிவிட முடிவதில்லை. அவை யாவும் புகையிரத நிலையங்களாக மாறிவிடும். ஸ்ட்ராத்பீல்ட், பரமட்டா, பிளாக்டவுன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, வண்டிகள் வரும் நேரத்தை அட்டவணையாக வரைவான். ஒரு வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் அதன் பின்னால் வரும் வண்டிகள் எவ்வளவு பிந்தும் என்றும் கணக்கிட்டு வைப்பான். வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை என்று அவனுடைய அம்மம்மா முறையிடுவார். முறையிட்டவரே சிறிது நேரத்தில் அந்த இல்லாத வண்டியில் ஏறி, அவன் சொல்லும் நிலையத்தில் இறங்கவும் செய்வார்.

அவ்வாண்டு அவனுடைய வகுப்பாசிரியை, "இப்பிள்ளையிடம் மீத்திறன் அறிகுறிகள் தெரிகின்றன" என்றார். அந்த ஒரு சொல் எங்களை மாற்றிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நான்காம் ஆண்டு மாணவர் ஒரு தேர்வு எழுதி, ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் "ஓ.சி." என்று நாம் சுருக்கமாக அழைக்கும் சிறப்பு வகுப்பில் சேரலாம் என்பதையும், ஆறாம் ஆண்டில் இன்னொரு தேர்வு எழுதித் தெரிவுப் பாடசாலைக்குச் செல்லலாம் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அத்தேர்வுகளை எண்ணி ஒரு டேப்லெட் வாங்கினோம். பயிற்சி வினாத்தாள்கள், கணிதச் செயலிகள், அறிவியல் காணொளிகள் என்று அதனை நிரப்பினோம். பாடசாலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பயிற்சி. பயிற்சியை முடித்தமைக்குப் பரிசாக ஒரு மணி நேரம் திரை விளையாட்டு. வாரத்தில் இரண்டு நாள் டியூஷன். அவனுக்கு ஒன்பது வயதானபோது அட்டைப்பெட்டிகள் நேராக மஞ்சள் மூடித் தொட்டிக்குள் சென்றன. வீடு துப்புரவாக இருக்கின்றது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

ஒருநாள் மாலை இடிமழையால் மின்சாரம் தடைப்பட்டது. இணையம் இல்லை, டேப்லெட்டின் மின்கலமும் தீர்ந்திருந்தது. சற்று நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு மகன் என்னிடம் வந்து, "அம்மா, இப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டான். ஆறு வயதில் அவன் ஒருபோதும் கேட்டிராத வினா அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் பிள்ளையின் திறமையை வளர்ப்பதாக எண்ணிக்கொண்டு, அத்திறமை குடியிருந்த இடத்தையே நாங்கள் காலி செய்துவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தது.

மீத்திறன் என்பது யாது?

அதன் பின்னரே இப்பொருள் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த உளவியலாளர் பிரான்சுவா கான்யே என்பார், இயல்பாக அமைந்த திறனையும் பயின்று பெற்ற வல்லமையையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டியவர். ஒரு துறையில் தம் வயதொத்தவருள் முதற் பத்து விழுக்காட்டினருள் அடங்குவோரை அவர் மீத்திறனாளர் என்பார். அந்த இயல்பான திறன், நீண்ட பயிற்சியாலும், பிள்ளையின் சொந்த ஆர்வத்தாலும், வீடும் பாடசாலையும் தரும் துணையாலும் வல்லமையாக மாறுகின்றது. மாறாமலும் போகக்கூடும் என்பதே அவர் கருத்து. நம் மாநிலக் கல்வித் திணைக்களம் 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திய மீத்திறன் கல்விக் கொள்கையும் இவருடைய கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. அறிவு, ஆக்கம், சமூக உணர்வு, உடல் என்னும் நான்கு துறைகளிலும் மீத்திறன் இருக்கலாம் என்று அக்கொள்கை கூறுகின்றது. நாமோ பெரும்பாலும் முதலாவதை மட்டும் எண்ணி, அதையும் ஒரு வினாத்தாளினால் அளந்துவிடுகின்றோம்.

வினாத்தாள் எவ்வளவு தூரம் காணும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நுண்ணறிவு ஈவு மிக உயர்ந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களுள் பலர் நல்ல நிலையை அடைந்தனர். ஆயினும் ஒருவரேனும் நோபல் பரிசு பெறவில்லை. டெர்மனின் தேர்வை எழுதியும் போதிய புள்ளி பெறாமையால் சேர்க்கப்படாத சிறுவர் இருவர் பிற்காலத்தில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். ஒருவர் 1968இல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரெஸ். மற்றவர் ட்ரான்சிஸ்டரைக் கண்டறிந்தமைக்காக 1956இல் வேறு இருவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷொக்லி. இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள ஒவ்வொரு கணினியும் ட்ரான்சிஸ்டர்களால் ஆனது. ஆகவே தேர்வில் இடம் கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடில் பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிட்டதாக எண்ணாதிருப்போம்.

கும்பகோணத்துக் கற்பலகை

மீத்திறன் எவ்வாறு வளர்கின்றது என்பதற்கு நம்மவர் ஒருவரின் வாழ்க்கையே தக்க எடுத்துக்காட்டு. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனின் தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். வீட்டில் செல்வம் இல்லை. தாள் விலை மிகுந்ததாகையால் இளைஞர் இராமானுசன் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

பதினாறு வயதளவில் அவர் கைக்கு ஒரு நூல் கிட்டியது. கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தேர்வு எழுதும் மாணவருக்காகத் தொகுத்தது அது. ஏறக்குறைய ஐயாயிரம் கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல் இல்லை. வேறொரு மாணவனுக்கு அது பெருங்குறையாகத் தோன்றியிருக்கும். இராமானுசனுக்கோ அந்த வெற்றிடமே வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார்; நிறுவும்போது புதியனவற்றைக் கண்டார். 1913இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவாறே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடல், 1918இல் அரச கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமைக்கு அவரை இட்டுச் சென்றது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, அந்நூல் எல்லாவற்றையும் ஊட்டிவிடவில்லை. பிள்ளை செய்வதற்கு இடம் விட்டது. இரண்டாவது, மீத்திறன் ஒருவரை எல்லாவற்றிலும் வல்லவராக்குவதில்லை. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைப் புறக்கணித்தமையால் இராமானுசன் கல்லூரி உதவிப்பணத்தை இழந்தார், தேர்விலும் தோற்றார். கணிதத்தில் முந்தும் பிள்ளை எழுத்திலோ பழகும் முறையிலோ பிந்துவது கண்டு மனம் தளரவும் வேண்டாம். அதனைக் கவனியாது விடவும் வேண்டாம்.

கற்பலகையும் ஒரு பலகை. கைக்கணினியும் ஒரு பலகை. கற்பலகை தானாக எதனையும் காட்டாது. எழுதுவோன் எழுதும் வரை வெறுமையாகக் காத்திருக்கும். கண்ணாடித் திரையோ நாம் ஒன்றும் செய்யாதிருப்பினும் நமக்காகச் செய்துகொண்டே இருக்கும். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நாடி.

திரை எதனை எடுத்துக்கொள்கின்றது?

ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்குகின்றது. பக்கத்தை எவ்வளவு கீழே தள்ளினாலும் அதற்கு முடிவில்லை. விளையாட்டில் வெற்றிக்கு நாணயமும் நட்சத்திரமும் எதிர்பாராத வேளையில் கிடைக்கின்றன. இவை தற்செயலாக அமைந்தவை அல்ல; பார்ப்பவரை எழவிடாதிருக்கும் பொருட்டு அறிஞர் பலர் கூடி வகுத்தவை. ஒரு பொருளில் ஆழ்ந்தால் உலகை மறக்கும் இயல்பு மீத்திறன் பிள்ளைகள் பலரிடம் உண்டு. அவ்வியல்பு அட்டைப்பெட்டியின் மீது திரும்பினால் புகையிரத நிலையம் பிறக்கும். திரை விளையாட்டின் மீது திரும்பினால் பொழுது மட்டுமே கழியும்.

திரைமுன் கழியும் நேரம் வேறெதனிடமிருந்தோ எடுக்கப்பட்ட நேரம். முதலில் உறக்கம் குறைகின்றது. இரவில் ஒளிரும் திரை, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பைப் பிற்படுத்துகின்றது. 5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது அவுஸ்திரேலிய அரசின் வழிகாட்டல். அடுத்து ஓடியாடும் விளையாட்டுக் குறைகின்றது, உரையாடல் குறைகின்றது. இறுதியாக, நாம் பெரிதாக மதிக்காத ஒன்று மறைகின்றது. அதுவே சும்மா இருக்கும் நேரம். பிள்ளை சலிப்படைந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கையில் அகப்பட்டதைக் கொண்டு ஒன்றை உண்டாக்கத் தொடங்குவது அந்த நேரத்திலேதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரை கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதிலும் குறைவதே நன்று. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் பொழுதுபோக்குக்காக இருந்த இடத்தில் இருந்து திரை பார்ப்பது நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று அவுஸ்திரேலிய வழிகாட்டல் கூறுகின்றது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டமும் இந்நாட்டில் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் வாயிற்கதவை மட்டுமே காக்கும். வீட்டினுள்ளே காவல் செய்ய வேண்டியவர் நாமே.

மூன்று வினாக்கள்

மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை அளப்பது எளிது; ஆனால் அது மட்டும் போதாது. ஒரு மணி நேரம் பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும், ஒரு மணி நேரம் தானே ஓர் இசையை அமைப்பதும் ஒன்றாகா. ஆகையால் நாங்கள் எங்களையே மூன்று வினாக்கள் கேட்கப் பழகிக்கொண்டோம்.

முதலாவது வினா: பிள்ளை ஆக்குகின்றதா, அல்லது நுகர்கின்றதா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளைக் கொண்டு பிள்ளைகள் தாமே கதைகளும் விளையாட்டுகளும் படைக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. அத்தகைய வேளையில் கண்ணாடித் திரையும் கற்பலகையாகிவிடுகின்றது.

இரண்டாவது வினா: திரையை அணைத்த பின் என்ன நிகழ்கின்றது? கண்டதைப் பற்றிப் பேசினால், வரைந்தால், செய்து பார்த்தால் அது பயிர். சினமும் சோர்வும் மட்டுமே எஞ்சினால் அது களை.

மூன்றாவது வினா: இந்த நேரம் எதனிடமிருந்து எடுக்கப்பட்டது? உறக்கத்திடமிருந்தும் விளையாட்டிடமிருந்தும் அம்மம்மாவின் கதையிடமிருந்தும் எடுக்கப்பட்டதாயின், மிக நல்ல கல்விச் செயலியும் நட்டமே.

நாங்கள் செய்த மாற்றங்கள்

பெரிய திட்டம் ஒன்றும் நாங்கள் வகுக்கவில்லை. உணவு மேசைக்கும் படுக்கையறைக்கும் திரை வரலாகாது என்று முடிவு செய்தோம். இவ்விதி எங்களுக்கும் உரியது என்றபோது, மகனிலும் பார்க்க அவனுடைய அப்பாவே கூடுதலாக வருந்தினார். உறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னர் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் சமையலறையில் ஒரு கூடையில் இட்டோம். டியூஷனை ஒரு நாளாகக் குறைத்தோம். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரத்தை யாரும் எதனையும் திட்டமிடாத நேரமாக ஒதுக்கினோம். திரையைப் பரிசாகக் கொடுப்பதையும் நிறுத்தினோம். பரிசாகக் கொடுக்கும் பொருளின் மதிப்புப் பிள்ளையின் மனத்தில் உயர்ந்துவிடுகின்றது. அதனைப் பெறுவதற்காகச் செய்யும் கல்வியின் மதிப்போ தாழ்ந்துவிடுகின்றது.

முதல் இரண்டு வாரங்கள் வீட்டில் அமைதி இல்லை. "எனக்குப் போரடிக்குது" என்ற சொல்லை எண்ண முடியாத தடவை கேட்டோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று கை துடித்தது, பொறுத்துக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மஞ்சள் மூடித் தொட்டியிலிருந்து ஒரு பெட்டி மீண்டும் வீட்டினுள் வந்தது.

பெஞ்சமின் புளூம் என்னும் கல்வியாளர் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆகிய ஆறு துறைகளில் உயர்ந்து விளங்கிய 120 பேரின் இளமையை ஆராய்ந்து எழுதியது அது. தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்கு வாய்த்த ஆசிரியர் பலர் புகழ் பெற்றவர் அல்லர். அன்பானவர்கள், கற்றலை விளையாட்டுப் போல இனிமையாக்கியவர்கள். கடும் பயிற்சி பின்னரே வந்தது. முதலில் விருப்பம், பின்னர் ஒழுங்கு என்பதே அவர்கள் கண்ட வரிசை. நாங்கள் அவ்வரிசையைத் தலைகீழாக்கியிருந்தோம்.

புகழும் முறையையும் மாற்றினோம். உளவியலாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் பின்னர் எளிய பணிகளையே நாடினர். கடினமான கணக்கில் தோற்றதும் ஊக்கமிழந்தனர். "நன்றாக முயன்றாய்" என்று புகழப்பட்டவரோ கடினமானவற்றை விரும்பி ஏற்றனர். நம் விழாக்களிலும் விருந்துகளிலும் பிள்ளையை முன்னிறுத்தி, "இவன் பெரிய மூளைக்காரன்" என்கிறோம். அச்சொல் பிள்ளையின் தோளில் ஏறும் சுமை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மகன் தேர்வை எழுதினான்; ஓ.சி. வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று கூறினால் அது பொய்யாகும். ஆனால் அன்று மாலை அவன் வழமை போலத் தன் பெட்டிகளோடு அமர்ந்திருந்ததைக் கண்டபோது என் வருத்தம் பாதியாயிற்று.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தன் புகையிரத வலையமைப்பை அவன் கணினியில் ஸ்கிராட்ச் கொண்டு அமைத்திருக்கின்றான். திரையில் வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று பிந்தினால் மற்றவையும் பிந்துகின்றன. நிலையங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "தம்பி, நான் எங்கை இறங்கிறது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்று அவர் கேட்டதன் பின்னர், ஒவ்வொரு பெயரையும் தமிழிலும் எழுதினான். "பிளாக்டவுன்" என்பதை எழுதத் தெரியாமல் சனிக்கிழமை என்னுடைய வகுப்பிலே கேட்டான். தமிழை ஏன் கற்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை அவனுக்கு எடுத்துரைத்திருக்கின்றேன். அத்தனை உரைகளும் செய்யாததை அம்மம்மாவின் ஒரு வினா செய்தது.

மாணவச் செல்வங்களுக்கு

அன்புள்ள மாணவர்களே! இக்கட்டுரை உங்கள் கையிலுள்ள கருவியைப் பறிப்பதற்காகப் பெற்றோருக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம் என்று எண்ணாதீர்கள். உங்களை ஒன்று கேட்கின்றேன். இந்த வாரம் திரைமுன் அமரும்போது, எழும் வேளையில் உங்களுடையது என்று காட்டத்தக்க ஒன்று இருக்கின்றதா என்று பாருங்கள். ஒரு படமோ, ஒரு கதையோ, ஒரு விளையாட்டோ, ஒரு பாடலோ, எதுவாயினும் ஆகுக. அது அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. இராமானுசனும் கற்பலகையில் எழுதியதைப் பலமுறை முழங்கையால் அழித்தவரே. சலிப்பு வரும்போது அஞ்சவும் வேண்டாம். சிறிது நேரம் அதனோடு இருந்து பாருங்கள். அதன் பின்னால் ஏதோ ஒன்று காத்திருக்கும்.

பெற்றோரே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது திரைக்கு மட்டுமன்றி டியூஷனுக்கும் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியவை சில வெறும் பெட்டிகள், கேட்பதற்கு ஒரு முதியவர், யாரும் நிரப்பாத ஒரு மணி நேரம். இவற்றைக் கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். விழா முடிந்து வீடு திரும்பியதும், இம்மலரைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். வாசித்து முடிக்கும் வரையாவது கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.